ஐந்தடிக் குழாய்க்குள் ஒரு ஸ்பெயின்

நியூயார்க் நகரின் கிழக்கு 30ஆம் தெருவில், 207ஆம் எண்ணில், ஒரு பழைய தேவாலயம் இருந்தது. வழிபாடு நின்றுபோன அந்தக் கட்டடத்தை கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியது. மரத்தரை, காரை பூசிய சுவர்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கூரை. ஒருமுறை கைதட்டினால் அந்த ஓசை சட்டென்று மடியாது. சுவரிலும் கூரையிலும் பட்டுப் பட்டு மெல்லத் தேய்ந்து அடங்கும். பியானோ மேதை கிளென் கூல்ட் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' இசையை 1955இல் பதிவு செய்ததும் இங்கேதான்.

1959 நவம்பரில் அந்தக் கூடத்தில் ஒரு புதுமாதிரியான இசைக்குழு கூடியது. பிரெஞ்சு ஹார்ன், புல்லாங்குழல், ஓபோ, பாஸூன், டியூபா, ஹார்ப், காஸ்டனெட் எல்லாம் உண்டு. ஒரு வயலின்கூடக் கிடையாது. நடுவில் டிரம்பெட்டோடு மைல்ஸ் டேவிஸ். வயது 33. எதிரே, ஒவ்வொரு கருவிக்கும் சுரக்குறிப்பு எழுதிக் கொண்டுவந்திருந்த கில் எவன்ஸ். அதே ஆண்டின் வசந்தகாலத்தில் அதே கூடத்தில் மைல்ஸ் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஜாஸ் உலகம் இன்னும் அந்தத் தட்டைக் கேட்டு முடித்திருக்கவில்லை. அதற்குள் அவர் வேறொரு நாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

அந்த நாடு ஸ்பெயின். ஜோ மாண்ட்ராகன் என்ற பாஸ் கலைஞர் கலிஃபோர்னியாவில் மைல்ஸுக்கு ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். வாக்கின் ரோட்ரிகோ 1939இல் எழுதிய 'கான்சியெர்ட்டோ டி அரான்ஹுவெஸ்'. கிதாருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான செவ்விசைப் படைப்பு. ரோட்ரிகோ மூன்று வயதில் தொண்டை அடைப்பான் நோயால் பார்வை இழந்தவர்; பிரெய்ல் எழுத்தில் இசை எழுதியவர். அதன் நடுப்பகுதியில் வரும் மெதுவான மெட்டு மைல்ஸை விடவில்லை. கில் எவன்ஸிடம் கொண்டுபோனார். அந்த ஒரு மெட்டிலிருந்து ஒரு முழு ஆல்பம் முளைத்தது. 1960 மார்ச்சில் பதிவு முடிந்து ஜூலையில் 'ஸ்கெட்சஸ் ஆஃப் ஸ்பெயின்' வெளியானது.

மொத்தம் ஐந்து உருப்படிகள். முதலாவது ரோட்ரிகோவின் அந்த மெட்டு, பதினாறு நிமிடத்துக்கும் மேல். அடுத்தது மனுவேல் டி ஃபாயாவின் பாலே இசையிலிருந்து ஒரு துண்டு, 'வில் ஓ தி விஸ்ப்'. மூன்றாவது 'தி பான் பைப்பர்'. கலீசியாவின் வீகோ நகரில், பன்றிகளுக்குக் காயடிக்கும் தொழிலாளி தான் வந்திருப்பதைத் தெருவுக்கு அறிவிக்க ஊதிய குழல் மெட்டு. நாட்டார் இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்ததிலிருந்து எவன்ஸ் எடுத்துக்கொண்டார். நான்காவது 'சயேட்டா', புனித வார ஊர்வலத்தில் பால்கனியில் நின்று ஒரு பெண் திருவுருவத்தை நோக்கிப் பாடும் வேண்டுதல். கடைசி, ஃபிளமெங்கோவின் தாய்வடிவங்களில் ஒன்றான 'சொலேயா'.

செவ்விசை, பாலே, தெருக்குழல், பக்திப்பாட்டு, ஃபிளமெங்கோ. ஐந்துக்கும் முன்னால் நிற்பவர் ஒருவரே. இரவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் எழும். ஓர் உருப்படியில் வெல்வெட் துணி மாதிரி படரும் குரல், இன்னொன்றில் காதுமடலுக்குள் கிசுகிசுக்கிறது. அடுத்ததில் தொண்டை கிழிய அழுகிறது. கருவி விஷயத்தில் மைல்ஸ் எடுத்துக்கொண்டது கொஞ்சமே: ஒரு டிரம்பெட், அதன் சகோதரக் கருவியான ஃப்ளூகல்ஹார்ன், ஓர் உலோக அடைப்பான். மூன்று பித்தான்கள் உள்ள ஒரு பித்தளைக் குழாய்க்கு இத்தனை தொண்டைகள் எங்கிருந்து வந்தன? விடை பெரும்பாலும் இயற்பியலில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு இந்த இசை என்னை இன்னும் ஆழமாகத் தொட்டதே தவிர, அதன் மாயம் ஒரு துளியும் குறையவில்லை.

உதட்டிலிருந்து தொடங்கவேண்டும். வீணையில் தந்தி அதிர்கிறது. கிளாரினெட்டில் நாணல் சீவாளி அதிர்கிறது. டிரம்பெட்டில் அதிர்வதற்கென்று எந்தப் பாகமும் இல்லை. அதிர்வது வாசிப்பவரின் சதை. இரண்டு உதடுகளையும் இறுக்கிச் சேர்த்து, கிண்ணம் போன்ற வாய்முனையில் பதித்து, உள்ளிருந்து காற்றை அழுத்தும்போது உதடுகள் திறக்கின்றன, மூடுகின்றன, மறுபடி திறக்கின்றன. நடு ஸ்தாயியில் ஒரு சாதாரண சுரத்துக்கே நொடிக்கு 466 முறை. ஒவ்வொரு திறப்பிலும் ஒரு சின்னக் காற்றுத் துடிப்பு குழாய்க்குள் போகிறது. ஊதும்போது கிளாரினெட் சீவாளி மூடிக்கொள்ளப் பார்க்கும். உதடு வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு மாதிரி விரியப் பார்க்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்த வேறுபாட்டைக் கவனித்து எழுதினார்.

உதடு மட்டும் தனியாக அதிர்ந்தால் குழந்தை வாயால் கார் ஓட்டும் சத்தம்தான் வரும். அதைச் சுரமாக்குவது குழாய். டிரம்பெட் குழாயை நீட்டி நிமிர்த்தினால் ஏறத்தாழ 1.48 மீட்டர், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. உதட்டிலிருந்து புறப்பட்ட அழுத்தத் துடிப்பு மறுமுனையில் உள்ள விரிந்த வாயை, அந்த மணிவாயை, அடைகிறது. அங்கே ஒரு பகுதி வெளியேறி நம் காதுக்கு வருகிறது. பெரும்பகுதி திரும்பி உதட்டுக்கே ஓடிவருகிறது. திரும்பி வந்த துடிப்பு உதடு திறக்கிற அதே நேரத்தில் வந்து சேர்ந்தால், ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளிவிட்ட மாதிரி, அதிர்வு ஊக்கம் பெறுகிறது. நேரம் தப்பினால் தளர்கிறது. ஆகவே குழாய் சில அதிர்வெண்களுக்கு மட்டும் கைகொடுக்கும். பள்ளிப் பாடத்தில் நாம் படித்த ஒத்ததிர்வும் நிலை அலையும் இதுதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு முனை உதட்டால் மூடிய, மறுமுனை திறந்த நேர்க்குழாய், அடிப்படை அதிர்வெண்ணின் ஒற்றைப்படை மடங்குகளை மட்டுமே ஏற்கும் என்று அதே பாடப்புத்தகம் சொல்கிறது. 1.48 மீட்டர் நேர்க்குழாய்க்குக் கணக்குப் போட்டால் சுமார் 58, 174, 290, 406 ஹெர்ட்ஸ் என்று வரும். இந்தச் சுரங்களை வைத்து ஒரு பாட்டும் வாசிக்க முடியாது. உண்மையான டிரம்பெட்டோ 233, 350, 466, 583, 699 என்று வரிசையாகத் தருகிறது. இவை 116.5இன் 2, 3, 4, 5, 6 மடங்குகள், ஒன்றும் விடுபடவில்லை. இந்தத் திருத்தத்தைச் செய்வது குழாயின் இரு முனைகள். நீண்ட அலைகள் மணிவாய் விரியத் தொடங்கும் இடத்திலேயே திரும்பிவிடுகின்றன. அவற்றுக்குக் குழாய் குட்டையாகிறது, சுரம் உயர்கிறது. குறுகிய அலைகள் விளிம்புவரை போய்த் திரும்புகின்றன. மறுமுனையில் வாய்முனையின் கிண்ணமும் அதன் குறுகலான கழுத்தும் உயர்ந்த ஒத்ததிர்வுகளைச் சற்றுக் கீழே இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்து, கோணலான ஒரு வரிசையை இசைக்குத் தோதான வரிசையாக நிமிர்த்துகின்றன. தலைமுறை தலைமுறையாகக் கருவி செய்தவர்கள் எந்தச் சமன்பாடும் இல்லாமல், தட்டித் தட்டி, கேட்டுக் கேட்டு இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதை நினைக்கும்போது அந்தக் கைகளின் மேல் எனக்குப் பெருமதிப்பு வருகிறது.

116.5 ஹெர்ட்ஸுக்கென்று குழாயில் ஒத்ததிர்வே கிடையாது. ஆனாலும் கைதேர்ந்தவர் அந்தத் தாழ்சுரத்தை ஊதிவிடுவார். எப்படி? உதட்டின் அதிர்வில் 233, 350, 466 என்று மேற்சுரங்கள் கலந்திருக்கின்றன. அவற்றுக்குக் குழாயில் இடம் இருக்கிறது. அவை எல்லாம் சேர்ந்து, தங்களுக்குப் பொதுவான, தனக்கென்று இடமில்லாத அந்த அடிச்சுரத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. கிளீவ்லாந்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஆர்தர் பெனேட் 1960களிலும் 70களிலும் இதை விரிவாக ஆராய்ந்தார். ஒரு சுரம் நிலையாக ஒலிக்க ஒரே ஒரு ஒத்ததிர்வு போதாது, பல ஒத்ததிர்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்க வேண்டும் என்பது அவர் காட்டிய முக்கியமான உண்மை. ஒத்துழைப்பு பலமாக இருக்கும் சுரம் தானாக வந்து உட்காரும். பலவீனமாக இருக்கும் சுரம் வழுக்கும்.

பித்தான்கள், அதாவது வால்வுகள், இந்த வரிசையின் இடைவெளிகளை நிரப்ப வந்தவை. ஜெர்மனியில் ஸ்டோல்செல், ப்ளூமெல் இருவரும் 1818இல் காப்புரிமை பெற்றார்கள். இன்றைய பிஸ்டன் வால்வு 1839இல் பாரிஸில் பெரினே செய்த வடிவம். நடு வால்வை அழுத்தினால் காற்று ஒரு சின்னச் சுற்றுவழியில் போய்க் குழாய் ஏறத்தாழ 6 விழுக்காடு நீள்கிறது. சுரம் அரைச்சுரம் இறங்குகிறது. முதல் வால்வு 12.2 விழுக்காடு நீட்டி ஒரு முழுச்சுரம் இறக்குகிறது. மூன்றாவது 18.9 விழுக்காடு நீட்டி ஒன்றரைச் சுரம் இறக்குகிறது. மூன்றையும் ஒன்றாக அழுத்தினால்? கூட்டிப் பார்த்தால் 37.1 விழுக்காடு. ஆனால் ஆறு அரைச்சுரம் சுத்தமாக இறங்க 41.4 விழுக்காடு நீளவேண்டும். சுருதி கூட்டுவட்டிக் கணக்கில் இறங்குகிறது; வால்வுகளோ தனிவட்டிக் கணக்கில் கூட்டுகின்றன. அதனால் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் குழாய் பற்றாமல் போய்ச் சுரம் தூக்கி நிற்கும். வாசிப்பவர் இடது மோதிர விரலால் ஒரு சறுக்குக் குழாயை வெளியே தள்ளி இந்தக் கடனை அடைக்கிறார். மிச்சத்தை உதட்டால் சரிக்கட்டுகிறார்.

இந்தச் சரிக்கட்டல்தான் என் கட்டுரையின் மையம். பியானோவில் கட்டையை அழுத்தினால் சுருதி முடிவாகிவிட்டது. டிரம்பெட்டில் குழாய் ஓர் இடத்தைக் காட்டுகிறது. அங்கே சரியாக நிற்பதா, சற்றுக் கீழே சாய்வதா, வழியில் இடறுவதா என்பது சதையின் கையில் இருக்கிறது. நிலையாக நிற்கத் தெரியாத கருவி இது. அந்த நிலையின்மையையே மைல்ஸ் ஐந்து உருப்படிகளிலும் ஐந்து விதமாகப் பயன்படுத்தினார்.

முதல் உருப்படிக்கு வருவோம். ரோட்ரிகோவின் மூலத்தில் அந்த மெட்டை கோர் ஆங்லே என்ற ஊதுகருவி முதலில் பாடுகிறது. கிதார் அதை வாங்கி அலங்கரித்துத் திருப்பிச் சொல்கிறது. கிதாருக்கு அலங்காரம் தேவை. மீட்டிய கணத்தில்தான் அதன் சுரம் உச்ச பலத்தில் இருக்கும். அப்புறம் தேய்வு மட்டுமே. ஒரு நெடிய சுரத்தைப் பிடித்து நிறுத்த அதனால் முடியாது. ஆகவே துளிகளை வாரித் தெளித்து அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. ஊதுகருவிக்கு அந்தக் கவலை இல்லை. மூச்சு இருக்கும்வரை சுரம் நிற்கும், வளரும், மெலியும், மறுபடி வளரும். எவன்ஸ் இதைச் சரியாகக் கணித்தார். கிதார் விட்டுச்சென்ற இடத்தில் மைல்ஸை நிறுத்தினார். அலங்காரத்தைக் குறைத்தார். மெட்டு பெருமூச்சு மாதிரி நீள்கிறது.

அந்தத் தொடக்கத்துக்கு மைல்ஸ் எடுத்தது ஃப்ளூகல்ஹார்னை. 1957இல் எவன்ஸோடு செய்த 'மைல்ஸ் அஹெட்' ஆல்பத்திலேயே அவர் அந்தக் கருவியோடு பழகியிருந்தார். டிரம்பெட்டுக்கும் இதற்கும் குழாய் நீளம் ஒன்று, சுருதி ஒன்று, விரல் வைப்பும் ஒன்று. ஒரு வித்தியாசம்: டிரம்பெட்டின் குழாய் நெடுந்தூரம் ஒரே அகலமாக ஓடிக் கடைசியில் விரிகிறது; ஃப்ளூகல்ஹார்னின் குழாயோ வால்வுப் பகுதியைத் தாண்டினால் கூம்பு மாதிரி தொடர்ந்து விரிந்துகொண்டே போகிறது. இவ்வளவுதான். இதற்கே ஒன்று வெள்ளிவாள் மாதிரி மின்னுகிறது, மற்றது புகை மாதிரி படர்கிறது.

காரணம் வெகுகாலம் தெளிவாகத் தெரியவில்லை. ஒலி அலை என்றால் முகடும் அகடும் ஒரே வேகத்தில் போகும் என்றுதான் நாம் படிக்கிறோம். மெல்லிய ஒலிக்கு அது சரி. உரக்க ஊதும்போது வாய்முனைக்குள் அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் வளிமண்டல அழுத்தத்தில் பல விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அப்போது முகட்டில் காற்று நெருக்குண்டு சற்றுச் சூடாகிறது, முன்னோக்கியும் நகர்கிறது. சூடான, முன்னோக்கி நகரும் காற்றில் ஒலி வேகமாகப் போகும். எனவே முகடு அகட்டை விட ஒரு நூலிழை முந்துகிறது. குழாயின் நெடும்பாதையில் அந்த நூலிழை சேர்ந்து சேர்ந்து, வழவழப்பான அலை முன்பக்கம் செங்குத்தாக நிமிர்கிறது. கரையை நெருங்கும் கடலலை முகம் நிமிர்ந்து நிற்குமே, கவிழ்வதற்குச் சற்று முன்னால், அப்படி. செங்குத்தான அலை என்றால் உயர்ந்த மேற்சுரங்கள் நிறைய என்று பொருள். காதுக்கு அது பளபளப்பு. 1996இல் ஹிர்ஷ்பெர்க்கும் அவருடைய ஆய்வுத் துணைவர்களும் டிரோம்போனில் இதை அளந்து, உரத்த வாசிப்பில் அலை உண்மையிலேயே அதிர்ச்சி அலையாகிவிடுகிறது என்று காட்டினார்கள். ஜெட் விமானம் எழுப்பும் அதிர்ச்சி அலையின் தூரத்து உறவு பித்தளைக் குழாய்க்குள் பிறக்கிறது!

கூம்புக் குழாயில் அலை போகப் போக அகன்று பரவுகிறது, அழுத்தம் குறைகிறது, முகடு முந்திக்கொள்ள வலுவில்லாமல் போகிறது. அலை வழவழப்பாகவே வெளியே வருகிறது. ரோட்ரிகோவின் மெட்டை மைல்ஸ் ஊதும்போது நமக்குத் தொண்டை அடைப்பதற்கும் அதிர்ச்சி அலை பிறக்காமல் போவதற்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது.

'வில் ஓ தி விஸ்ப்' நான்கு நிமிடத்துக்கும் குறைவு. அழகானதுதான், என் மனம் அங்கே அதிக நேரம் தங்குவதில்லை. ஆனால் அதில் தலைகாட்டும் ஹார்மன் மியூட் அடுத்த உருப்படியிலும் வருகிறது, அங்கே அது உயிரையே எடுக்கிறது.

மியூட் என்பது மணிவாய்க்குள் செருகும் அடைப்பான். பல வகை உண்டு. சிலவற்றில் தக்கைத் துண்டுகளுக்கு இடையே சந்து இருக்கும். காற்று அதன் வழியே தப்பும். ஹார்மன் மியூட்டில் தக்கை முழு வளையமாகச் சுற்றி அடைத்துவிடும். ஒலி முழுவதும் அந்த உலோகக் குமிழுக்குள் நுழைந்து ஒரு சிறு துவாரத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். துவாரத்தின் நடுவில் ஒரு குட்டிக் குழல் செருகியிருக்கும்; மைல்ஸ் அதைக் கழற்றிவிட்டு வாசிப்பார். இந்தக் குமிழ் வடிகட்டி போல வேலை செய்கிறது. சுரத்தின் கனமான கீழ்ப்பகுதி வெளியே வர முடியாமல் நின்றுவிடுகிறது. கூர்மையான மேற்பகுதி மட்டும் கசிகிறது. கூடவே குமிழின் உட்குழிவுக்கென்று ஓர் ஒத்ததிர்வு இருப்பதால், வண்டு முரலும் ஒரு சாயல் சேர்கிறது.

வெளியே வரும் ஒலி மிக மெலிது. ஒலிபெருக்கி இல்லாத மேடையில் முன்வரிசை தாண்டிப் போகாது. மைல்ஸ் மைக்கை மணிவாய்க்கு மிக நெருக்கமாக வைத்து ஊதினார். ஒரு குரல் அருகில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்று நம் காது எப்படிக் கண்டுபிடிக்கிறது? நேராக வரும் ஒலிக்கும் சுவரில் பட்டு வரும் ஒலிக்கும் உள்ள விகிதம் அதற்கு ஒரு முக்கியமான குறிப்பு. 30ஆம் தெருக் கூடத்தில் மற்ற கருவிகள் எல்லாம் தேவாலயத்தின் எதிரொலி போர்த்தி வருகின்றன. மியூட் போட்ட டிரம்பெட் மட்டும் எதிரொலியே இல்லாமல், மூச்சோடு மூச்சாக வருகிறது. பெரிய கோயில் மண்டபத்தில் தூரத்தில் யாரோ பாடிக்கொண்டிருக்க, ஒருவர் நம் காதோரம் வந்து குனிந்து பேசுவது போல. 'தி பான் பைப்பர்' முழுவதும் அந்த நெருக்கம்தான். தெருவில் உரக்க ஒலிக்கவேண்டிய ஒரு தொழிலாளியின் குழலை மைல்ஸ் நினைவின் அளவுக்குச் சுருக்கிவிட்டார். மைக்கும் அங்கே ஒரு இசைக்கருவியாகிவிட்டது.

பிறகு 'சயேட்டா'. இந்த ஐந்து நிமிடங்களுக்காகவே நான் இந்த ஆல்பத்தை வைத்திருக்கிறேன் என்றால் மிகையில்லை. தூரத்திலிருந்து முரசும் பித்தளைக் கருவிகளுமாக ஊர்வலம் நெருங்குகிறது. நிற்கிறது. பால்கனியில் அந்தப் பெண் பாடத் தொடங்குகிறாள். அவள்தான் மைல்ஸ். மியூட் இல்லை, மெட்டென்று கறாராக எதுவும் இல்லை, பின்னால் அசையாத ஒரு முழக்கம் மட்டும். அந்தலூசியப் பாடகியின் சுரங்கள் பியானோக் கட்டைகளுக்கு நடுவில் விழுகின்றன. ஒரே உயிரெழுத்து பல சுரங்களில் உடைந்து நெளிகிறது. ஆல்பத்திலேயே மிகக் கடினமாக இருந்தது, மனிதக் குரல் பாடவேண்டிய இடங்களை டிரம்பெட்டில் வாசித்ததுதான் என்று மைல்ஸ் தன் வரலாற்றில் சொல்கிறார். ஒன்றிரண்டு தடவைக்கு மேல் அதை வாசிக்க இயலாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கட்டைகளுக்கு நடுவே போவதற்கு டிரம்பெட்டில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உதட்டைத் தளர்த்தியும் இறுக்கியும் சுரத்தைக் குழாய் காட்டும் இடத்திலிருந்து இழுப்பது. ஒத்துழைக்கும் ஒத்ததிர்வுகள் அதைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுபறி ஒலியில் கேட்கும், வலி போல. மற்றொன்று, வால்வைப் பாதி மட்டும் அழுத்துவது. அப்போது காற்றுக்கு ஒழுங்கான பாதை இல்லை. ஒத்ததிர்வுகள் கலங்கிப் பலமிழந்து நிற்கின்றன. குழாயின் பிடி நழுவ, உதடு விடுதலை பெறுகிறது. நாதம் மங்கி, தொண்டை கட்டியது போல வருகிறது. டியூக் எலிங்டன் குழுவில் இருந்த ரெக்ஸ் ஸ்டூவர்ட் 1930களிலேயே இதை ஒரு கலையாக்கியிருந்தார். மைல்ஸுக்கும் அது கைவந்த வித்தை.

சுரம் தொடங்கும் கணம் இதைவிட ஆபத்தானது. உதடு அனுப்பிய முதல் துடிப்பு மணிவாய்வரை போய்த் திரும்பி வர ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு ஆகிறது. அதுவரை குழாயிடமிருந்து எந்த உதவியும் கிடையாது. 466 ஹெர்ட்ஸ் சுரம் என்றால் உதடு நான்கு முறை, குழாயின் பதில் வராமலேயே, தன் நம்பிக்கையில் சரியான வேகத்தில் அதிர்ந்திருக்க வேண்டும். வாசிப்பவர் சுரத்தை முன்கூட்டியே மனத்தில் கேட்டு உதட்டில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வது வெறும் அறிவுரை இல்லை. அலையின் பயண நேரம் அதைக் கேட்கிறது. மேல் ஸ்தாயிக்குப் போகப் போக ஒத்ததிர்வுகள் ஒன்றையொன்று நெருங்கி, எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே ஒரு சுர இடைவெளிதான் இருக்கும். தன் நம்பிக்கையில் கிளம்பிய உதடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடும். அதுவே சுரம் உடைவது. சுமார் 1,500 ஹெர்ட்ஸுக்கு மேலே மணிவாய் அலையைத் திருப்பி அனுப்புவதையே ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அங்கே உதடு தனியாள். மைல்ஸ் அவ்வளவு உயரத்தை நாடியவர் இல்லை. ஆனால் நடு ஸ்தாயியிலேயே அவருடைய சுரங்கள் சில தடுமாறித் தொடங்கும், சில தொடங்கும்போதே கீறும். பயிற்சிக் குறைவு என்று அவற்றைத் தள்ள என்னால் முடியாது. அழுபவரின் குரல் சுத்தமாகத் தொடங்காது.

மிச்சம் இருப்பது 'சொலேயா', பன்னிரண்டு நிமிடம். தனிமையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஜிம்மி கோபின் டிரம்ஸும் எல்வின் ஜோன்ஸின் தாளக்கருவிகளும் ஒரே நடையை விடாமல் அடித்துக்கொண்டிருக்க, சுர அடுக்கு ஏறக்குறைய இடம் பெயராமலே நிற்கிறது. ஃபிளமெங்கோவின் அடிப்படை அளவு, மேற்கத்திய இசையில் ஃப்ரிஜியன் எனப்படுவது. கீபோர்டில் 'ஈ' என்ற கட்டையில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்துப் பாருங்கள். சுரஸ்தானங்களைப் பார்த்தால் நம் எட்டாவது மேளமான தோடி. ஃபிளமெங்கோவில் காந்தாரம் அவ்வப்போது அந்தர காந்தாரமாக உயரும். அப்போது வகுளாபரணத்தின் சுரங்கள். சுரங்கள் ஒன்றானாலும் ராகம் ஒன்றாகிவிடாது, கமகம் இல்லாத தோடி தோடியே இல்லை என்பது நம் ரசிகர்களுக்குத் தெரியும். ஆனால் தொடக்கத்திலேயே அரைச்சுரம் மட்டும் எழும்பி மறுபடி ஆதாரத்தில் விழும் அந்த அசைவின் பாரம், இரண்டு மரபுக்கும் பொதுவாகக் கேட்கிறது.

இந்த உருப்படியில் மைல்ஸின் நேர்சுரத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான பித்தளைக் கலைஞர்கள் நெடிய சுரத்தில் நொடிக்கு ஐந்தாறு முறை சுருதியை மேலும் கீழும் அசைப்பார்கள். விப்ராட்டோ என்று பெயர். அது ஒலிக்குச் செழுமை தரும். கூடவே சிறு சுருதிப் பிழைகளையும் போர்த்தி மறைக்கும். ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் சிறுவன் மைல்ஸுக்குக் கற்றுத்தந்த எல்வுட் புக்கானன் விப்ராட்டோவைத் தவிர்க்கச் சொல்லி வளர்த்தார். போர்வை இல்லாத சுரம் அப்படித்தான் அவருக்கு வந்தது. சுருதி நேராக நிற்கும்போது, ஒலியின் பலத்திலும் நிறத்திலும் நடக்கும் சின்ன மாற்றங்களைக் காது தானாகப் பின்தொடரத் தொடங்குகிறது.

அந்த நிறமாற்றத்தைத்தான் 1960களின் நடுவில் நியூஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் கணினியில் துரத்திக்கொண்டிருந்தார். பெயர் ழான்-க்ளோத் ரிஸே, இயற்பியலாளர், இசையமைப்பாளர். டிரம்பெட் ஒலியில் எந்த மேற்சுரம் எவ்வளவு என்று அளந்து, அதே கலவையைக் கணினியில் உருவாக்கினால் டிரம்பெட் கேட்கவேண்டும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. கேட்டது ஏதோ ஓர் இயந்திர ஒலி. ரிஸே ஒவ்வொரு மேற்சுரமாகப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் வெளிப்பட்டது. கலவை நிலையானதாக இல்லை. சுரம் பிறக்கும்போது கீழ்ப்பகுதி முதலில் எழுகிறது, மேற்பகுதி சற்றுப் பின்னால் வந்து சேர்கிறது. ஒலி வலுக்க வலுக்க மேற்சுரங்களின் பங்கும் கூடுகிறது, அடங்கும்போது அவை முதலில் விலகுகின்றன. பலமும் பளபளப்பும் கைகோத்து நடக்கும்படி நிரலை மாற்றியதும் கணினிக்குள்ளிருந்து டிரம்பெட் பேசியது. பேசும் மனிதரும் அப்படித்தான். குரலை உயர்த்தும்போது ஓசை மட்டும் கூடுவதில்லை, குரலின் நிறமே மாறுகிறது. 'சொலேயா'வின் நெடுஞ்சுரங்களை அந்தக் காதோடு கேட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பும் ஒரு நடுவயதும் ஒரு முடிவும் இருப்பது புலப்படும்.

இந்த ஆல்பத்துக்காக மைல்ஸும் எவன்ஸும் கிராமி விருது பெற்றார்கள். இது ஜாஸ்தானா என்ற கேள்வியும் அன்றே எழுந்தது. அந்த விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. எனக்கு மறக்காமல் நிற்பது வேறொன்று. பதிவு முடிந்த நாட்களைப் பற்றி மைல்ஸ் எழுதும்போது, தனக்குள் எதுவுமே மிச்சமில்லாமல் எல்லா உணர்வும் வடிந்துபோயிருந்தது என்கிறார். நாடாவைப் போட்டுக் கேட்கலாம் வா என்று எவன்ஸ் அழைத்தார். நீ போய்க் கேள் என்று சொல்லிவிட்டார் மைல்ஸ்.